வத்திராயிருப்பு சுப்பம்மா நான்தான், மகனே

ராஜபாளையம் காலணிச் சாம்ராஜ்யத்தின் ஒரே பட்டத்து இளவரசனும், சென்னையில் ஜன்னல் திறக்க முடியாத கண்ணாடி மாளிகை ஒன்றில் உட்கார்ந்து சீமைக்காரன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுமாகிய என் அருமை மகனுக்கு, ஒன்றரை ஷட்டர் அகலமும் ஒரே ஒரு மின்விசிறியும் கொண்ட இப்பேரரசின் சக்கரவர்த்தி சலாம் சொல்லி எழுதுவது. நீ வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று அறிந்தேன். அதைத் திரும்ப வாங்கு. இந்தக் கடிதத்தின் மீதியைப் பொறவு படித்துக்கொள்ளலாம். முதலில் எழுந்து போய் உன் மேனேஜர் காலில் விழு. விழும்போது அவர் என்ன ஷூ போட்டிருக்கிறார் என்று பார்த்து வை. எந்த நிலையிலும் தொழிலை மறக்கக் கூடாது.

விழுந்தாயா? சரி, இனி காரணத்தைச் சொல்கிறேன். நம் கடையில் நீ ஒட்டிவிட்டுப் போன க்யூஆர் கோடுகளை ஜனங்கள் தேர்க்கூட்டம் போல வந்து ஸ்கேன் செய்கிறார்கள், கடை பிழைத்துக்கொண்டது, நீ வந்து நின்றால் ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு கடையே போடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறாய். உன் போனில் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிற அந்த எண்ணிக்கை ஜனங்கள் இல்லை, ராசா. அது என் வலது கைக் கட்டைவிரல். காலையில் கடை திறந்து சாம்பிராணி காட்டியதும், சாம்பிராணிக்குப் பின்னாலேயே போனையும் ஒவ்வொரு அலமாரிக்காகக் காட்டிக்கொண்டு வருவேன். என் போன் சூடாகிவிட்டால் நம் கடைப் பையன் மாரியப்பன் போன். அவன் போனும் சூடாகிவிட்டால் எதிர்க்கடை டீக்காரர் போன். ஒரு நாள் அவர் போனில் வடை எண்ணெய் பட்டு, ஒரே ஸ்கேனை அது நாலாகச் செய்தது. அன்றைக்கு நீ சந்தோஷமாகப் பேசினாய்.

உன் மேல் எனக்குக் குறை இல்லை. குறை என் வாயில் இருக்கிறது. நான் சொல்வதை நம் ஊரில் ஒரு ஈ கூட நம்பாது. நம்பின ஒரே ஆள் நீ. சின்ன வயதில் உனக்குச் சொன்னேனே, நம் தெருவில் சித்திரை வெயிலுக்குத் தார் உருகி, நடந்து போகிறவர்களின் செருப்பெல்லாம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அவர்கள் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நேரே நம் கடைக்குள்தான் வந்து விழுவார்கள், அதனால்தான் இந்த இடத்தில் கடை வைத்தேன் என்று. அதை நீ பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி வாத்தியாரிடம் அடி வாங்கினாய். பெருநாள் நெரிசலில் ஒரு மனிதருக்கு இரண்டும் இடது காலாகக் கட்டிக் கொடுத்துவிட்டேன், அவர் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் வட்டமாகவே நடந்தார் என்றேன். அதற்கு நீ, "பாவம்த்தா, அவரு இன்னும் வந்து சேந்துருக்க மாட்டாரு" என்று அழுதாய். அப்படி ஒரு பிள்ளையைப் பெற்றவன் அதற்குப் பிறகாவது அளப்பதை நிறுத்தியிருக்க வேண்டும்.

போன நோன்புப் பெருநாளைக்கு வந்தபோது அந்த க்யூஆர் கட்டங்களை ஒட்டினாய். ஒவ்வொரு அலமாரிக்கும் ஒன்று, கண்ணாடிக் கதவில் பெரிதாக ஒன்று. அலமாரிக் கட்டத்தில் போனைக் காட்டினால் அந்த மாடல் என்ன அளவில், என்ன நிறத்தில் இருக்கிறது என்று வரும். ஒரு பட்டனைத் தொட்டால் என் போனில் மணி அடிக்கும், நான் ஓடிப் போய் எடுத்துக் கொடுக்க வேண்டும். கதவுக் கட்டத்தில் காட்டினால் போனில் ஒரு பக்கம் திறந்து, சேவை எப்படி இருந்தது என்று கேட்டு, ஸ்டார் போடச் சொல்லி, நாலு வரி எழுதச் சொல்லும். பெயர், ஊர், நம்பரும் கேட்கும். எழுதினதையும் அதற்கு நீ போடுகிற பதிலையும் நெட்டில் யாரும் பார்க்கலாம். "இருபத்து நாலு மணி நேரத்துக்குள் பதில் தருவோம்" என்று கீழே சிவப்பில் எழுதி வைத்தாய்.

"வாயத் தொறந்து மாரியப்பான்னு கூப்பிட்டா ஆகாதாக்கும்?" என்று கேட்டேன்.

"கூச்சப்படுறவங்க இருப்பாங்கத்தா" என்றாய்.

நீ சொன்னது நூற்றுக்கு இருநூறு நியாயம். பெரிய பாதமுள்ள பெண்பிள்ளை ஒருத்தி கடைக்கு வந்தால் மாரியப்பன் பரண்மேல் நின்றுகொண்டு, "பாய், லேடீஸ்ல பத்து இருக்கா, பத்தூ" என்று அய்யனார் கோவில் அருவி வரைக்கும் கேட்கும்படி கத்துவான். அந்தப் பிள்ளை அப்படியே பூமிக்குள் போய்விடும். அதன் பிறகு அது நம் தெருப் பக்கமே வராது. இத்தனை வருஷம் கடை நடத்தியும் எனக்கு அது உறைத்ததில்லை, உனக்கு உறைத்தது. உன் யோசனையில் ஒரு ஓட்டை கிடையாது. ஓட்டையெல்லாம் ஊரில் இருந்தது.

நீ பஸ் ஏறின மறுநாளே மில் வேலைக்குப் போகிற ஒரு தாயி வந்தது. அலமாரியில் கட்டத்தைப் பார்த்ததும் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டது. "செருப்பக் கால்ல போட முன்னயே துட்டக் கேக்குதீகளே பாய், நல்லாருப்பீகளா?" என்றது.

"இது துட்டு எடுக்காது தாயி, சைசு காட்டும்" என்றான் மாரியப்பன்.

"துட்டு எடுக்காத கட்டத்த எவன்லே ஒட்டி வப்பான்? எங்கிட்டயே அளக்கியா?"

அவ்வளவுதான். காய்கறிக் கடையில், பூக்கடையில், உண்டியல் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் அந்தக் கட்டத்துக்கு ஒரே அர்த்தம்தான். காட்டினால் காசு போகும். நம் கடைக்குள் வந்தவர்கள் அலமாரிக்கு ஒரு முழம் தள்ளியே நடந்தார்கள், தவறிப்போய் போன் அந்தப் பக்கம் திரும்பினால் சொத்து பறிபோகும் என்பது போல. அதை விவரமாகப் புரிந்துகொண்டவர்கள் காலேஜ் பையன்கள்தான். அவர்கள் ஸ்கேன் செய்தார்கள், அளவு பார்த்தார்கள், மாரியப்பன் குனிந்து போட்டுவிட நடந்தும் பார்த்தார்கள். பிறகு நம் கடைக்குள்ளேயே நின்றுகொண்டு அதே மாடலை ஆன்லைனில் ஆர்டர் போட்டார்கள். "சைஸ் மட்டும் கன்பார்ம் பண்ணிக்கிட்டேன் பாய், தேங்க்ஸ்" என்று ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டான். நல்ல பையன். குடிக்கத் தண்ணீர் கேட்டான், கொடுத்தேன்.

சில நாளில் அதுவும் நின்றது. அன்றைக்குச் சாயங்காலம் நீ போனில், "அத்தா, இன்னைக்கு ஒரு ஸ்கேன்கூட வரலையே" என்றாய். வட்டமாக நடந்த மனிதருக்காக அழுத அதே குரல். மறுநாள் காலையில் சாம்பிராணியோடு போனையும் எடுத்தேன். அதிலிருந்து பிடித்ததுதான் இது.

வெறும் ஸ்கேன் போதவில்லை எனக்கு. சக்கரவர்த்தி அல்லவா? குடிமக்கள் வேண்டும். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையிலிருந்து முத்தையா என்று ஒருவரை அதே கட்டைவிரலால் வரவழைத்து, "இந்தக் கடை ஷூவைப் போட்ட நாள் முதல் கல் என் காலைக் கண்டால் ஒதுங்குகிறது" என்று அஞ்சு ஸ்டார் போட வைத்தேன். அவருக்குப் பிறகு வந்தவள்தான் சுப்பம்மா. வத்திராயிருப்பு, தென்னந்தோப்பு, சுகர். கால் எரிச்சலோடு வந்தவளை உட்கார வைத்து, பாதத்தைத் துணியால் துடைத்து, பஞ்சு போன்ற செருப்பைக் கடை முதலாளி தன் கையால் போட்டுவிட்டார் என்றும், அந்த மனிதரின் கவனிப்பு இந்த ஜில்லாவில் எங்கேயும் கிடையாது என்றும் அவள் எழுதினாள். வாசித்துப் பார்த்துவிட்டு மாரியப்பன், "பாய், நீங்க எழுதுத ஆளுகள்லாம் ஒண்ணுபோல உங்களையே புகழுதாக. செத்த நேரம் என்னையும் புகழச் சொல்லுங்க" என்றான்.

அன்றைக்கே நீ பதில் போட்டாய். ஆபீஸ் பஸ்ஸில் உட்கார்ந்து போட்டிருப்பாய். "அம்மா, சுகர் இருந்தால் தோப்புக்குள் வெறுங்காலோடு நடக்காதீர்கள். காலைக் கழுவினால் விரல் இடுக்கை நன்றாகத் துடையுங்கள். சின்னக் காயமாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். மகனே, எனக்கும் சுகர்தான். என்னிடம் நீ போனில், "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, சரி வச்சிடுறேன்" என்பாய். நானும், "ஆச்சு, போட்டாச்சு, சரி" என்பேன். இருவரும் ஏதோ ரயில் கிளம்பப்போகிற மாதிரி பேசுவோம். சுப்பம்மாவுக்கு நீ அம்புட்டு எழுதினாய். "வீட்டில் யாரும் இல்லை தம்பி, பிள்ளை மெட்ராஸில்" என்று அவள் பதில் போட்டாள். "பிள்ளைக்கு வேலை அதிகமாக இருக்கும் அம்மா, மறந்திருக்க மாட்டான்" என்று நீ எழுதினாய். அதைக் கடையில் நின்றுகொண்டு நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று அந்த மின்விசிறிக்குத் தெரியும். அதற்கப்புறம் சுப்பம்மாவை எப்படி விடுவது? வாரா வாரம் அவள் கடைக்கு வந்தாள். ஒரு மனுஷி இம்புட்டுச் செருப்பு வாங்கினால் அவள் மரவட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவேயில்லை.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியும். "உள்ளதச் சொல்லிருங்க, பொறவு அவன் வந்து நிப்பான்" என்று அவள் அப்போதே சொன்னாள். நான் சக்கரவர்த்தி, கேட்கவில்லை.

இனி வருவதைக் கவனமாகப் படி. உன் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்டாரோடு ஒரு குறை வந்ததே, செல்வி, நர்ஸ், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று, அது மெய். அத்தனையிலும் அது ஒன்றுதான் மெய். "நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதால் ஆன்லைனில் வாங்கினது காலுக்கு ஒத்துவரவில்லை. இந்தக் கடையில் நன்றாகக் கவனிப்பார்கள் என்று எழுதியிருந்ததைப் பார்த்து பஸ் ஏறி வந்தேன். கடையில் இருந்த பெரியவர் போனை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. இரண்டு தடவை கூப்பிட்டேன். பட்டனையும் தொட்டேன், மணி அவர் கையிலேயே அடித்தது, அதை அமர்த்திவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார். திரும்பிவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். மாரியப்பன் அப்போது சாப்பிடப் போயிருந்தான். அந்தப் பெரியவர் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? தேதியைப் பார். கடை முதலாளி கூப்பிடுகிற முன்னாலேயே ஓடி வருகிறார் என்று சுப்பம்மா எழுதியது அன்றைக்குத்தான்.

அவளுக்கு நீ போட்ட பதிலில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. "மன்னியுங்கள் அக்கா. அவர் என் அத்தா. கடைக்கு இப்போது கூட்டம் அதிகம், வயதாகிவிட்டது, தனியாகச் சமாளிக்க முடியவில்லை. நான் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி நானே கடையில் நிற்பேன்." பெற்றவனிடம் சொல்லவில்லை, முன்பின் தெரியாத நர்ஸிடம் சொன்னாய். நானும் வத்திராயிருப்புக் கிழவியாக வந்துதானே உன்னிடம் பேசினேன், கணக்குச் சரி.

மறுநாளே அவள் போட்டிருந்த நம்பருக்குப் பேசி, நாலு ஜோடியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் டூட்டி முடிந்து நின்றாள். இளம்பிள்ளை, உன்னைவிட நாலைந்து வயது மூத்திருக்கும். கணுக்கால் வீங்கியிருந்தது.

"அன்னைக்கு அம்புட்டு முக்கியமா என்ன பாய் எழுதிட்டிருந்தீக?" என்றாள்.

சொன்னேன். முத்தையாவைச் சொன்னேன், சுப்பம்மாவைச் சொன்னேன், நீ விரல் இடுக்கைத் துடைக்கச் சொன்னதைச் சொன்னேன். முதலில் சிரித்தாள், சிரித்துச் சிரித்து மரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"அப்ப கடையில கூட்டம்லாம்?"

"கூட்டமா? ஈயடிக்கக்கூட ஈ வரல தாயி."

"ஐயையோ. அந்தத் தம்பி வேலைய விடுதேன்னுல்லா எழுதிருக்கு? நான் ஒரு ஸ்டாரு போட்டதுக்கா? இருங்க, இருங்க, நான் மாத்திருதேன்." அங்கேயே நின்றுகொண்டு ஒன்றை அழித்துவிட்டு அஞ்சு ஸ்டார் போட்டாள். "கடை முதலாளி நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார், நல்ல மனிதர், அவரே போதும்" என்று எழுதினாள். "இப்பம் விட மாட்டாருல்லா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். நான் கொண்டுபோனதில் ஒரு ஜோடியைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எதுவும் அவள் வீக்கத்துக்கு ஏறவில்லை. அவளுக்கு வேண்டியது அகலமான மாடல், அதை நான் சரக்கு எடுப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று.

திரும்பி வருகிற பஸ்ஸிலேயே உன் பதில் வந்துவிட்டது. "அஞ்சு ஸ்டாருக்கு நன்றி அக்கா. உங்களைப் போன்றவர்களுக்காகவே சீக்கிரம் வருகிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே கடை வரும்." ஒரு ஸ்டார் போட்டாலும் வருகிறேன் என்கிறாய், அஞ்சு போட்டாலும் வருகிறேன் என்கிறாய். உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அதனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், இந்தத் தடவை ஒரு சாணும் அளக்காமல். கடை முடிந்துவிட்டது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தேய ஆரம்பித்தது, இப்போது வார் அறுந்துவிட்டது. பெரிய ஷோரூம் வந்ததும் பாதி போனது, போனிலேயே செருப்பு வாங்க ஜனங்கள் பழகியதும் மீதி போனது. நீ வந்து நின்றாலும் போகும். நீ நூறு கட்டம் ஒட்டினாலும் போகும். உன் கட்டம் தப்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் நான் இந்தக் கூத்தெல்லாம் அடித்தேன். கட்டம் தப்பில்லை, ராசா. அதைக் காட்ட ஆள் இல்லை. இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மாசம் முடிந்ததும் பார்சல் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். ஊருக்கு ஆன்லைனில் வருகிற சாமானையெல்லாம் இறக்கி வைக்கிற இடமாக ஆகப்போகிறது. ஆக, இனியும் ராஜபாளையத்துக்காரர்களின் செருப்பெல்லாம் நம் கடைக்குத்தான் வரும், அட்டைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டினபடி. மாரியப்பனை அவர்களே மூட்டை இறக்க வைத்துக்கொள்கிறார்கள். "இனிமே யாருக்கும் குனிஞ்சு போட்டுவிட வேண்டாம் பாய்" என்றான். சந்தோஷமாகச் சொன்னானா, வேறெப்படியாவது சொன்னானா என்று பார்க்க எனக்குத் தைரியமில்லை.

தகப்பன் என்ற முறையில் ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்று இம்புட்டு நேரம் தேடிப் பார்த்தேன். பரணில் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று வேண்டுமானால், என் வாயிலிருந்து வருவதை நம்பி வாழ்க்கையை மாற்றாதே. போனில் ஏறுகிற எண்ணையும் அப்படியே. அது யார் விரல் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்.

இந்தக் கடிதத்துக்கு முன்னால் உன் பக்கத்திலேயே எழுதிவிடலாம் என்று பார்த்தேன். அங்கே எழுதினால்தானே இருபத்து நாலு மணிக்குள் பதில் வரும்? கண்ணாடிக் கதவில் போனைக் காட்டினேன். பெயர் என்ற இடத்தில், உன் அத்தா. ஊர், ராஜபாளையம். என்ன குறை என்ற இடத்தில், மகன் கடைக்கு வருகிறான். எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்ற இடத்தில், வரக் கூடாது. அனுப்பு என்று அமுக்கினால் போக மாட்டேன் என்கிறது. ஸ்டார் போடாமல் அனுப்ப முடியாதாம். நிற்கிறேன், நிற்கிறேன், போட முடியவில்லை. ஒன்று போட எனக்கு மனசு வரவில்லை. அஞ்சு போட்டால் நீ இன்றைக்கே கிளம்பி வந்துவிடுவாய். கதவுக்கு வெளியே வெயிலில் நின்றவனை மாரியப்பன்தான் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு வந்தான். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

அந்தக் கட்டத்தைச் சுரண்டிப் பார்த்தோம், வரவில்லை. நீ நன்றாக ஒட்டியிருக்கிறாய். பார்சல்காரர்கள் வந்த பிறகும் அது அங்கேயேதான் இருக்கும், காட்டினால் பக்கம் திறந்து, சேவை எப்படி இருந்தது என்று கேட்கும். நீ அந்தப் பக்கத்தை மூடிவிடு. யாராவது பதில் சொல்லிவிடப் போகிறார்கள்.

சரக்கையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளியாகிவிட்டது. ஒரு ஜோடி மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். கறுப்பு லெதர், கயிறு கட்டுகிறது, உன் அளவு, ஆபீசுக்குப் போடுகிறது. வாங்கிக்கொள்ள வராதே. நாளைக்குப் பார்சலில் போடுகிறேன். சில நாளைக்குக் குதிகாலில் கடிக்கும். அதற்கு மேலும் கடித்தால் எழுது. ஸ்டாரெல்லாம் வேண்டாம். சுப்பம்மாவுக்கு எழுதுகிற மாதிரி எழுது.